நீளும் விழி: சிறுவர் கிட்டப்பார்வையும் காண்டாக்ட் லென்ஸ் ஆய்வுகளும்

கிட்டப்பார்வை, விழி தேவைக்கு மேல் நீண்டுவிடுவதால் வரும் குறை. பிறந்த குழந்தையின் விழிக்கோளம் முன்னிருந்து பின்னாக அளந்தால் ஏறக்குறைய 17 மி.மீ. இருக்கும்; வளர்ந்தவரின் விழி ஏறக்குறைய 24 மி.மீ. இடைப்பட்ட ஆண்டுகளில் கருவிழியின் வளைவும், கண்ணுக்குள் இருக்கும் வில்லையின் பருமனும், விழியின் நீளமும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்து வளர வேண்டும். அப்போதுதான் தொலைவில் உள்ள பொருளின் பிம்பம் விழித்திரையின் மேல் சரியாக விழும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த இசைவு தானாக அமைந்துவிடுகிறது. சிலருக்கு நீளம் மட்டும் நிற்காமல் கூடிக்கொண்டே போகிறது. பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்து, திரையைத் தொடும்போது கலங்கிவிடுகிறது. விழியின் நீளம் 1 மி.மீ. கூடினால் கண்ணாடிப் பவர் ஏறக்குறைய 2.5 முதல் 3 டயாப்டர் வரை மைனஸ் பக்கம் ஏறும். ஒரு நெல்மணியின் தடிமன்கூட இல்லாத அந்தக் கூடுதல் நீளம்தான் இந்தக் கட்டுரையின் பொருள்.

பவர் எண்ணுக்குள் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. மைனஸ் 1 என்றால் 1 மீட்டர் வரைதான் தெளிவு. மைனஸ் 2 என்றால் அரை மீட்டர். மைனஸ் 3 என்றால் 33 செ.மீ., அதாவது ஒரு முழத்துக்கும் குறைவு. மைனஸ் 2 உள்ள சிறுமிக்கு மடியில் விரித்த பாடநூல் பளிச்சென்று தெரியும். பத்தடி தள்ளியிருக்கும் கரும்பலகை பனிமூட்டத்துக்குள் இருப்பதுபோல் இருக்கும். கலங்கலாகவே பார்த்து வளர்ந்த பிள்ளை, எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறது. அதனால் வீட்டில் சொல்வதில்லை. முன் பெஞ்சுக்கு நகர்வது, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது, கண்ணை இடுக்குவது, டிவியை ஒட்டி உட்காருவது, பஸ்ஸின் ஊர்ப்பலகையை அது கிட்டே வந்த பிறகே படிப்பது ஆகியவைதான் பெரியவர்கள் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்.

தலைவலியும் கண்வலியும் மட்டும் இருந்தால் அது கிட்டப்பார்வைதான் என்று முடிவுகட்டக் கூடாது. தமிழ்நாட்டின் நகர, கிராமப் பள்ளிகளில் 7 முதல் 17 வயது வரையான 920 பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வில், இரு கண்களும் இணைந்து வேலை செய்வதில் ஏதோ ஒரு குறை பத்தில் மூன்று பேருக்குத் தென்பட்டது. நகரத்துக்கும் கிராமத்துக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. அந்தக் குறைக்குப் பல நேரம் கண்ணாடியைவிடக் கண் பயிற்சிதான் மருந்து.

இந்தியாவில் சிறுவர் கிட்டப்பார்வை எவ்வளவு? 2002-இல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. அன்றைய ஆந்திரத்தின் மகபூப்நகர் மாவட்டக் கிராமங்களில் 7 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 4 பேருக்கும், டெல்லி நகரப் பகுதியில் நூற்றுக்கு 7 பேருக்கும் கிட்டப்பார்வை இருந்தது. 2015-இல் வெளியான டெல்லிப் பள்ளி ஆய்வில் 9,884 பிள்ளைகளில் 13.1 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. சென்னை சங்கர நேத்ராலயா, 2019-20 கல்வியாண்டில் தமிழ்நாட்டின் இரு மாவட்டங்களில் 11 பள்ளிகளைச் சேர்ந்த 14,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தது. நகரமும் புறநகருமான அந்தப் பள்ளிகளில் 17.5 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. இந்த எண்களை ஏணிப்படிபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியாது. 2002 ஆய்வுகளில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு அளந்தார்கள். தமிழ்நாட்டு ஆய்வு மருந்து விடாமல், வேறு வரம்பு வைத்து அளந்தது. ஆனாலும் கிராமத்தைவிட நகரத்தில் கூடுதல், முன்பைவிட இன்று கூடுதல் என்ற இரண்டு போக்குகளையும் மறுக்க இடமில்லை.

காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. ஆனால் அது பெரியவர்களுடையது. சென்னைக் கண் அழுத்த நோய் ஆய்வுக்காகத் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் அடுத்தடுத்து அமைந்த 27 கிராமங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைச் சோதித்தார்கள். 2004-இல் வெளியான முடிவின்படி நூற்றுக்கு ஏறக்குறைய 27 பேருக்குக் கிட்டப்பார்வை. இதைக் கண்டு கிராமத்துப் பிள்ளைகளுக்கும் அவ்வளவு இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. வயதானவர்களுக்கு விழி நீள்வதில்லை. கண்புரை தொடங்கும்போது உள்வில்லையின் நடுப்பகுதி இறுகுவதால் பவர் மைனஸ் பக்கம் சாய்கிறது. பாட்டிக்குத் திடீரென்று கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்க முடிகிறது என்றால், பல நேரம் அதுதான் காரணம். பேத்தியின் கிட்டப்பார்வை முற்றிலும் வேறு நோய்.

பேத்தியின் நோயைக் கண்ணாடியோடு முடிந்த கதையாகக் கருதும் பழக்கம் நெடுங்காலம் மருத்துவத்திலும் இருந்தது. விழி நீளும்போது விழித்திரையும் இழுபட்டு மெலிகிறது. மைனஸ் 6-க்கு மேல் போனவர்களுக்கு விழித்திரை பிய்ந்துவருதல், நடுவிழித்திரைச் சிதைவு, கண் அழுத்த நோய், இளவயதிலேயே கண்புரை ஆகியவற்றின் வாய்ப்பு கூடும். இவை நாற்பது, ஐம்பது வயதில் வரும். விதை ஏழு, எட்டு வயதில் விழும். பவர் 1 டயாப்டர் குறைவாக நின்றாலே நடுவிழித்திரைச் சிதைவின் வாய்ப்பு ஏறக்குறைய 40 விழுக்காடு குறைகிறது என்று 2019-இல் புல்லிமோர், பிரென்னன் என்ற இரு ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். அதனால்தான் இன்று கண் மருத்துவர்கள் பவரைத் திருத்துவதோடு நிற்காமல், அது ஏறும் வேகத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்கிறார்கள்.

வேகத்தைக் குறைக்கும் முயற்சிகளில் பல தோற்றவை. அவற்றில் இரண்டை இன்றும் ஊர்களில் நம்புகிறார்கள். வேண்டியதைவிடக் குறைந்த பவரில் கண்ணாடி போட்டால் கண் பழகி நின்றுவிடும் என்பது ஒன்று. மலேசியாவில் 94 பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், குறைபவர் போட்ட பிள்ளைகளுக்குத்தான் கிட்டப்பார்வை அதிகம் ஏறியிருந்தது. ‘கண்ணாடி போட்டால் பவர் ஏறும்’ என்பது இதன் உடன்பிறப்பு. கண்ணாடி போட்ட வயதும் விழி வேகமாக நீளும் வயதும் ஒன்றாக இருப்பதால் வந்த மயக்கம் அது.

இன்னொன்று, கெட்டியான காண்டாக்ட் லென்ஸ் பவரை நிறுத்தும் என்ற நம்பிக்கை. அமெரிக்காவின் ஒஹாயோவில் 8 முதல் 11 வயது வரையான 116 பிள்ளைகளுக்கு, ஒரு பிரிவினருக்குக் கெட்டி லென்ஸும் மற்றவர்களுக்கு மென்மையான லென்ஸும் போட்டு மூன்றாண்டுகள் பார்த்தார்கள். 2004-இல் வந்த முடிவில், கெட்டி லென்ஸ் போட்டவர்களின் பவர் சற்றுக் குறைவாகவே ஏறியிருந்தது. ஆனால் விழியின் நீளத்தை அளந்தபோது இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. லென்ஸ் கருவிழியைத் தட்டையாக்கியிருந்ததே தவிர வளர்ச்சியைத் தொடவில்லை. இந்தத் துறைக்கு அந்த ஆய்வு ஒரு நல்ல பாடம் கற்றுக்கொடுத்தது: பவரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, நீளத்தையும் அளக்க வேண்டும்.

விழி எங்கே நிற்பது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? விடை விலங்குகளிடமிருந்து வந்தது. 1977-இல் வீசல், ரவியோலா என்ற இருவர், இமை மூடித் தைக்கப்பட்ட குட்டிக் குரங்குகளின் விழி நீண்டுபோவதைக் கண்டார்கள். 1988-இல் கோழிக்குஞ்சுகளுக்கு வில்லை மாட்டிப் பார்த்தார்கள். மைனஸ் வில்லை பிம்பத்தை விழித்திரைக்குப் பின்னால் தள்ளுகிறது. குஞ்சின் விழி அந்தப் பிம்பத்தை எட்டிப்பிடிக்க நீண்டது. பிளஸ் வில்லை பிம்பத்தை முன்னால் இழுக்கிறது. விழி வளர்ச்சியைத் தளர்த்தியது. பிம்பம் எங்கே விழுகிறது என்று விழித்திரையே பார்த்து வளர்ச்சியை ஆள்கிறது என்பது இதனால் உறுதியானது. 2005-இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஏர்ல் ஸ்மித் குழு, குரங்குகளின் விழித்திரை மையத்தை லேசரால் நீக்கிய பின்னும் விழி இதே கட்டளைக்குப் பணிவதைக் காட்டியது. கூர்மையாகப் பார்ப்பது மையமாக இருந்தாலும், வளர்ச்சிக் கட்டளையில் விளிம்புக்கும் பங்குண்டு.

இங்கேதான் சாதாரணக் கண்ணாடியின் குறை தெரிகிறது. நீண்ட விழி, முட்டையைப்போல் பின்பக்கம் நீண்டிருக்கிறது. ஒரே பவர் கொண்ட மைனஸ் வில்லை மையத்தில் பிம்பத்தைச் சரியாக வைத்தாலும், விளிம்பில் அது விழித்திரைக்குப் பின்னால் விழக்கூடும். விளிம்பு ‘இன்னும் நீள்’ என்றே கேட்டுக்கொண்டிருக்கும். மையத்தில் தெளிவும், கூடவே விழித்திரைக்கு முன்னால் குவியும் சிறிது ஒளியும் தரும் வில்லை செய்தால் விழி நிற்குமா என்ற கேள்வியிலிருந்து இன்றைய காண்டாக்ட் லென்ஸ்கள் பிறந்தன. கண்ணாடி மூக்கின் மேல் நிற்க, கண் அதன் பின்னால் உருண்டுகொண்டே இருக்கும். காண்டாக்ட் லென்ஸ் கண்ணோடு சேர்ந்து நகர்வதால், அதில் செதுக்கிய பவர் வட்டங்கள் எப்போதும் பாவைக்கு நேராகவே நிற்கின்றன.

இந்த எண்ணத்தைச் சோதித்த விதங்களில் மிக அழகானது நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜான் பிலிப்ஸும் நிக்கோலா ஆன்ஸ்டிஸும் நடத்திய ஆய்வு. 11 முதல் 14 வயது வரையான 40 பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணில் இத்தகைய இருகுவிய லென்ஸ், மறு கண்ணில் சாதாரண லென்ஸ். பத்து மாதம் கழித்துக் கண்களை மாற்றிப் போட்டார்கள். ஒரே பிள்ளை, ஒரே மரபு, ஒரே வெயில், ஒரே வீட்டுப்பாடம். வேறுபட்டது லென்ஸ் ஒன்றுதான். முதல் பத்து மாதத்தில் இருகுவிய லென்ஸ் போட்ட கண் 0.11 மி.மீ. நீண்டது, மறு கண் 0.22 மி.மீ. நீண்டது. சரிபாதி. முடிவுகள் 2011-இல் வெளிவந்தன. சந்தேகத்துக்கு மிகக் குறைந்த இடமே விட்ட ஆய்வு இது.

அந்த அமைப்பிலிருந்து உருவான மைசைட் என்ற ஒருநாள் லென்ஸை சிங்கப்பூர், கனடா, பிரிட்டன், போர்ச்சுகல் ஆகிய நாடுகளில் 8 முதல் 12 வயது வரையான 144 பிள்ளைகளிடம் சோதித்தார்கள். மூன்றாண்டில் சாதாரண லென்ஸ் போட்டவர்களுக்குப் பவர் சராசரியாக 1.24 டயாப்டர் ஏறியது. மைசைட் போட்டவர்களுக்கு 0.51. நீளம் 0.62 மி.மீ.க்கு எதிராக 0.30 மி.மீ. 2019 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் அளித்தது. சிறுவர் கிட்டப்பார்வையின் வேகத்தைக் குறைக்க அங்கே ஒப்புதல் பெற்ற முதல் லென்ஸ் இதுதான். அடுத்து 2020-இல் வெளியான பிளிங்க் ஆய்வு, முன்னால் குவியும் ஒளிக்கான கூடுதல் பவரில் வேறுபட்ட மூன்று வகை லென்ஸ்களை 294 பிள்ளைகளிடம் ஒப்பிட்டது. சாதாரண லென்ஸில் 1.05 டயாப்டரும், நடுத்தரக் கூடுதல் பவர் லென்ஸில் 0.89 டயாப்டரும், அதிகக் கூடுதல் பவர் லென்ஸில் 0.60 டயாப்டரும் ஏறின. மருந்துக்கு அளவு இருப்பதுபோல் லென்ஸுக்கும் அளவு உண்டு என்பதை இது காட்டியது. லென்ஸை நிறுத்திய பின் விட்டதை எல்லாம் விழி பிடித்துக்கொள்ளுமோ என்ற அச்சம் இருந்தது. இரு ஆய்வுகளின் தொடர்ச்சியிலும் அப்படி நடக்கவில்லை.

இரவில் போட்டுத் தூங்கிக் காலையில் கழற்றும் கெட்டி லென்ஸ் வேறொரு வழி. அது கருவிழியின் நடுவைத் தற்காலிகமாகத் தட்டையாக்குகிறது. பகலில் கண்ணாடி வேண்டாம். ஹாங்காங்கில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில் இரண்டாண்டு நீள்ச்சி 43 விழுக்காடு குறைந்தது.

விழுக்காட்டைப் படிப்பதில் எச்சரிக்கை தேவை. மைசைட்டைப் பற்றிய ‘59 விழுக்காடு குறைவு’ என்ற விளம்பர வரியைப் பார்க்கும் பெற்றோர், மைனஸ் 6 ஆக வேண்டியது மைனஸ் 2.5-இல் நின்றுவிடும் என்று கணக்குப் போடுவார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. மூன்றாண்டில் மிச்சமானது ஏறக்குறைய முக்கால் டயாப்டர். பயனில் பெரும்பங்கு முதல் ஆண்டுகளிலேயே கிடைத்துவிடுகிறது. வயது ஏற ஏற விழி தானாகவே மெதுவாகிறது. முக்கால் டயாப்டர் சிறிதல்ல. ஆனால் அதன் விலையையும் ஆபத்தையும் அருகில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ஆபத்து என்றால் தொற்று. அமெரிக்காவில் சிறுவயதிலேயே மென்மையான லென்ஸ் போட்ட 963 பிள்ளைகளின் பதிவுகளை, மொத்தம் 2,713 லென்ஸ் ஆண்டுகளுக்கு, 2021-இல் ஆராய்ந்தார்கள். கருவிழியில் கிருமித் தொற்று 2 பேருக்கு மட்டுமே. நல்ல செய்திதான். ஆனால் அது அமெரிக்கக் குழாய்த் தண்ணீர், அமெரிக்கக் குளியலறை. 1996-இல் வெளியான மதுரை மாவட்ட ஆய்வு ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் கணக்கிட்டது. அமெரிக்க ஊர் ஒன்றின் கணக்கைப்போல் அது பத்து மடங்கு. தமிழ்நாட்டில் இந்தப் புண்களில் பெரும்பகுதி லென்ஸால் வருவதில்லை. கதிர் அடிக்கும்போது தெறிக்கும் நெல், வைக்கோல் தூசி, கரும்புத் தோகை ஆகியவை கீறிய இடத்தில் பூஞ்சை குடியேறுவதால் வருகிறது.

எடுத்துக்காட்டாக, காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூர் வட்டாரம் ஏரியும் நெல்வயலுமான நிலம். அறுவடைக் காலத்தில் காற்றிலேயே உமித்தூசி பறக்கும். கிணற்றில் குதிப்பதும் பம்பு செட்டில் குளிப்பதும் பிள்ளைகளின் விடுமுறை. கிணறு, ஏரி, குழாய், சேறு எங்கும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் வாழ்கிறது. லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையில் சிக்கினால் கடும் வலியோடு கண்ணைக் கெடுக்கும், மருந்துக்கு எளிதில் மசியாது. இரவு லென்ஸ் போட்ட சிறுவர்களுக்கு இந்தத் தொற்று வந்த நிகழ்வுகள் 2000-க்குப் பின் கிழக்காசியாவிலிருந்து பல வெளிவந்தன. லென்ஸையோ டப்பாவையோ குழாய்த் தண்ணீரில் கழுவியது முக்கியக் காரணம். ஆகவே இத்தகைய ஊரில் லென்ஸ் போட்டே ஆக வேண்டிய பிள்ளைக்கு ஒருநாள் லென்ஸ்தான் ஏற்றது: காலையில் சோப்புப் போட்டுக் கை கழுவி, நன்கு துடைத்துப் போட்டு, மாலையில் கழற்றி எறிவது. போட்டுக்கொண்டு குளிக்கவோ நீந்தவோ தூங்கவோ கூடாது. கண் சிவந்தால் உடனே கழற்றிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடக் கூடாது. ஆண்டுக்கு 730 லென்ஸ் வாங்கவும், கண்காணிப்புக்கு அடிக்கடி நகரத்துக்குப் போய்வரவும் வசதியுள்ள வீடுகள் அந்த வட்டாரத்தில் எத்தனை என்ற கேள்வியையும் மறைக்கக் கூடாது.

லென்ஸ் தந்த அறிவு லென்ஸோடு நிற்கவில்லை என்பது ஆறுதல். இருகுவிய எண்ணத்தையே மூக்குக்கண்ணாடியில் நூற்றுக்கணக்கான நுண்வில்லைகளாகப் பதித்து ஹாங்காங்கிலும் சீனாவின் வென்ஜோவிலும் சோதித்தார்கள். இரண்டாண்டில் ஏறக்குறைய பாதி வேகம் குறைந்தது. கண்ணைத் தொடாத கண்ணாடி என்பதால் தண்ணீர்க் கவலை இல்லை. நீர்த்த அட்ரோபின் சொட்டு மருந்தும் உண்டு. ஹாங்காங் ஆய்வில் சோதித்த அளவுகளில் 0.05 விழுக்காட்டுக் கரைசல் நன்றாக வேலை செய்தது. அதை மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே விட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது வெயில். சீன மரபுள்ள 6, 7 வயதுப் பிள்ளைகளை சிட்னியிலும் சிங்கப்பூரிலும் ஒப்பிட்டு 2008-இல் வெளியான ஆய்வில், சிட்னியில் நூற்றுக்கு 3 பேருக்கும் சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்கும் கிட்டப்பார்வை இருந்தது. சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்கு ஏறக்குறைய 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரம். குவாங்ஜோவில் பள்ளி நேரத்தில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டபோது, மூன்றாண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு; அப்படி விடாத பள்ளிகளில் 39.5 விழுக்காடு. டெல்லி ஆய்விலும் நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் விளையாடியவர்களுக்குக் குறை குறைவு. வகுப்பறை ஒளி சில நூறு லக்ஸ். வெளியில் மர நிழலில்கூட அதைவிடப் பல மடங்கு. வலுவான ஒளி விழித்திரையில் டோப்பமைனைச் சுரக்கவைத்து வளர்ச்சியைத் தளர்த்துகிறது என்பதே இன்று பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். ஆண்டு முழுவதும் வெயில் காயும் மாவட்டத்தில் இதற்குச் செலவு எதுவும் இல்லை. பத்தாம் வகுப்பு என்றதும் விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளி, பிள்ளையின் விழியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. விழி ஏற்கெனவே நீளத் தொடங்கிவிட்ட பிள்ளைக்கு வெயில் மட்டும் போதாது. தொடங்காத பிள்ளைக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

ஆகவே உத்திரமேரூர்ப் பிள்ளைக்கான வரிசை இது: முதலில் வெயில், அடுத்து உரிய காலத்தில் சோதனை, பிறகு குறைக்காத முழுப் பவர் கண்ணாடி, பவர் வேகமாக ஏறினால் மட்டும் சிறப்புக் கண்ணாடியோ சொட்டு மருந்தோ, கடைசியில் லென்ஸோ. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி தர 2009-இல் கண்ணொளி காப்போம் திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு தொடங்கியது. கண் முகாமில் கம்ப்யூட்டர் தரும் சீட்டை மட்டும் நம்பிக் கண்ணாடி வாங்கக் கூடாது. சிறுவர்களின் குவியத் தசை எளிதில் இறுகிவிடுவதால் சொட்டு மருந்து விடாமல் அளந்தால் இல்லாத மைனஸும் காட்டக்கூடும். பள்ளியில் சேரும்போது ஒருமுறையும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் பிள்ளையின் கண்ணைச் சோதியுங்கள். ஒவ்வோர் ஆண்டுச் சீட்டையும் ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். பவர் எந்த வேகத்தில் ஏறுகிறது என்பதை ஒரு சீட்டை வைத்து எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. இரண்டு சீட்டாவது வேண்டும்.